அன்றாட வாழ்வில் மகிழ்ச்சி

மகிழ்ச்சியை விரும்பாத மனிதர் உலகில் இலர். ஆயினும் அது எங்கிருந்து வருகிறது என்று வினவினால், பெரும்பாலோர் வானத்தையே காட்டுவர். மழை பெய்தால் வரும், விலை ஏறினால் வரும், தலையெழுத்து நன்றாயிருந்தால் வரும் என்பர். சங்கங்களின் கணக்கேடுகளைப் புரட்டுவதையே தொழிலாகக் கொண்ட நாம் இதனைச் சற்று வேறு விதமாகக் காண நேர்ந்திருக்கிறது. திருமணத்தன்றும் தீபாவளியன்றும் தோன்றும் களிப்பு வேறு. யாதொரு விசேஷமும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் ஒரு குடும்பத்தில் நிலவும் மனநிறைவு வேறு. பின்னதைக் குறித்தே இங்கு எழுதப் புகுந்தோம்.

அம் மனநிறைவுக்கு மூன்று காரணங்கள் இன்றியமையாதவை. வேலைக்கு ஓர் எல்லை வேண்டும். பிழைப்புக்கு ஓர் உறுதி வேண்டும். நன்மை தீமைகளைக் கலந்து பேச நாலு பேர் வேண்டும். இம்மூன்றும் ஒருவன் தன் வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு தனியே தேடிக்கொள்ளக் கூடியவை அல்ல. பலர் கூடிப் பெற வேண்டியவை. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நமது புதுச்சேரியே சான்று பகரும்.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ரோடியர், சவானா, கெப்ளே என்னும் மூன்று பஞ்சாலைகள் இந்நகரில் இயங்கின. அவற்றில் உழைத்தோர் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக இயந்திரத்தின் முன் நின்றனர். நகரின் கிழக்கே கடல் விரிந்து கிடந்தது. மாலைக் காற்றும் வீசியது. ஆனால் அக்கரையில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அரை நாழிகை உலாவ ஆலைத் தொழிலாளிக்குப் பொழுது ஏது? வீடு திரும்பும்போது குழந்தைகள் உறங்கிப்போயிருக்கும்.

1936ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரான்சு நாட்டில் வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலையும், ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் சட்டமாயின. அதே பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்த புதுச்சேரியில், எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ. சுப்பையா அவர்கள் அவர்களுக்கு வழிகாட்டினார். ஜூலை 30ஆம் நாள் சவானா ஆலையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. பன்னிரண்டு தொழிலாளர் உயிர் துறந்தனர். அதற்குப் பின்னரே, 1937ஆம் ஆண்டில், பிரெஞ்சிந்தியத் தொழிலாளருக்கு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆண்டுதோறும் ஜூலை 30ஆம் நாளன்று அவர்களது நினைவைப் போற்றுகிறோம்.

அப்பன்னிருவரும் எதற்காக உயிரிழந்தனர்? கூலிக்காக மட்டுமன்று. மாலைப் பொழுதைத் தமதாக்கிக்கொள்வதற்காகவும் உயிரிழந்தனர். வேலை முடியும் வேளை இன்னதென்று தெரிந்தால்தான் மனிதன் மகனுக்குப் பாடம் சொல்லவும், மனைவியோடு பேசவும், கோயிலுக்கோ கூத்துக்கோ போகவும் இயலும். நாம் இன்று சாதாரணமாக அனுபவிக்கும் மாலைப் பொழுதுக்கு இத்தகைய விலை கொடுக்கப்பட்டது என்பதை மறத்தல் ஆகாது.

ஆனால் ஓய்வு ஒன்றே மகிழ்ச்சியாகிவிடாது. ஆஸ்திரிய நாட்டில் வியன்னா நகருக்கு அண்மையிலுள்ள மரியன்தால் என்னும் சிற்றூர் ஒரே ஆலையை நம்பி வாழ்ந்தது. அவ்வாலை மூடப்பட்ட பின், மேரி யகோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய மூவரும் பிறரும் அவ்வூர் மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்து, 1933ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். வேலையிழந்தோரிடம் பொழுது மிகுந்திருந்தது. ஆயினும் நூலகத்தில் புத்தகம் எடுத்துச் செல்வது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கட்டணத்தை நீக்கியும் பயனில்லை. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்திருந்தது. நாளை என்ன என்று தெரியாதவனுக்கு இன்றைய ஓய்வு சுமையாகிறது. நமது ஊரின் மூன்று ஆலைகளும் மூடப்பட்டுவிட்டன. ரோடியர் ஆலையின் வழிவந்த ஏ.எஃப்.டி. ஆலை 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் மூடப்பட்டது. ஆதலால் மரியன்தாலின் கதை நமக்கு அயலார் கதையன்று.

இனிப் பயிர் செய்வோரைப் பார்ப்போம். விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடத்தப்பெற்ற ஓர் ஆராய்ச்சி 2013ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கரும்புக்குப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை, வெட்டிய பின்னரே வருகிறது. வெட்டுக்கு முன் நகை அடகுக் கடைக்குப் போகும். கைமாற்றுக் கடன் ஏறும். அறிவைச் சோதிக்கும் ஒரே வகையான கேள்விகளை அவ்விவசாயிகளிடமே வெட்டுக்கு முன்னும் பின்னும் கொடுத்துப் பார்த்தனர். பணம் கைக்கு வந்த பின் அவர்கள் முன்னினும் நன்றாக விடையளித்தனர். மனிதர் அவரே, அறிவும் அதுவே. கடன் கவலை பாதி அறிவைப் பிடித்துக்கொண்டிருந்தது. கவலை நீங்கியதும் அறிவு விடுதலை பெற்றது. மகிழ்ச்சியின் பயன் யாது என்று கேட்போருக்கு இது தக்க விடையாகும். மனநிறைவுள்ளவன் சரியாகக் கணக்கிடுகிறான். ஏமாறாமல் பத்திரத்தில் கையெழுத்திடுகிறான். உரத்தையும் நீரையும் காலமறிந்து இடுகிறான்.

மூன்றாவது காரணமாகிய கூட்டுறவு பற்றி நமது பிழை ஒன்றையே சொல்ல வேண்டியிருக்கிறது. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு நெசவாளர் சங்கத்தின் ரொக்கப் புத்தகத்தைப் பார்வையிட்டோம். மாதந்தோறும் உறுப்பினர் கூட்டத்தன்று தேநீருக்கும் சுண்டலுக்கும் சிறு தொகை செலவெழுதியிருந்தது. துணைவிதிகளில் இதற்கு இடமில்லை என்று குறிப்பெழுதி அச்செலவை மறுத்தோம். விதியைக் காத்துவிட்டோம் என்ற திருப்தியும் நமக்கு இருந்தது.

மறு ஆண்டு சென்றபோது கூட்டப் பதிவேட்டில் கையொப்பங்கள் பெரிதும் குறைந்திருந்தன. தவணை தவறிய கடன்களோ கூடியிருந்தன. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று விளங்காமல் செயலாளரைக் கேட்டோம். வயதில் மூத்த அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், சுண்டலுக்காக யாரும் வரவில்லை. சுண்டல் இருந்ததால் கூட்டம் முடிந்தும் சற்று உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தால் பேச்சு வரும். ‘பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, இந்த மாதத் தவணை கட்ட முடியாது’ என்று ஒருவர் சொல்வார். பக்கத்திலிருப்பவர் கொடுத்து உதவுவார். இல்லையேல் நாங்கள் தவணையை மாற்றி வைப்போம். இப்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கஷ்டம் வந்தால் தனியாரிடம் போகிறார்கள். எங்கள் கண்ணில் படாமல் தெருவைச் சுற்றிப் போகிறார்கள்.”

நாம் தலைகுனிந்தோம். உறுப்பினர் கல்விக்கென ஒரு தொகையை ஒதுக்கிப் பொதுப் பேரவையின் ஒப்புதலைப் பெற்றுக்கொள்ளும் வழியை அன்றே எடுத்துரைத்தோம். செலவு இன்று முறைப்படியே எழுதப்படுகிறது. ஒளிந்து போனவர்களில் சிலர் மீண்டும் வந்து உட்காருகின்றனர். எல்லோரும் வந்துவிடவில்லை. அதை நினைக்குந்தோறும் நமது பேனாவின்மீது நமக்கே சிறிது அச்சம் உண்டாகிறது.

இவ்வுண்மையைக் கூட்டுறவின் முன்னோர் அறிந்திருந்தனர். இங்கிலாந்தில் ரோச்டேல் நகரத்தில் 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் கடை திறந்த முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர். மாவும் வெண்ணெயும் விற்றதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. உறுப்பினர் கூடிப் படிக்கவும் பேசவும் படிப்பகமும் அமைத்தனர். மனிதர் ஒருவரோடொருவர் கொள்ளும் நல்லுறவே உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் பெருந்துணை என்பதை, அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1938 முதல் நடத்திவரும் நெடிய ஆராய்ச்சியும் எடுத்துக்காட்டுகிறது.

ஆகவே அங்கத்தினர்கட்கு மூன்று வேண்டுகோள் விடுக்கிறோம். வீட்டில் தறி வைத்திருப்போருக்கு ஆலைச் சங்கு இல்லை. தறியை நிறுத்தும் நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ள வேண்டும். பாவு முடிய வேண்டுமென்று நள்ளிரவு வரை நாடா ஓட்டினால் கண்ணும் கெடும், துணியும் பழுதாகும். இரண்டாவதாக, கூலி பெறும்போதும் விளைச்சலை விற்கும்போதும் சிறு தொகையேனும் சிக்கன சேமிப்பில் செலுத்துங்கள். அது நெருக்கடியான மாதத்தில் அடகுக் கடை வாயிலை மிதியாமல் காக்கும். மூன்றாவதாக, மாதக் கூட்டத்துக்கு வருங்கள்; கையொப்பமிட்டதும் எழுந்துவிடாமல் சற்று உட்காருங்கள். பக்கத்திலிருப்பவர் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமலிருந்தால், என்ன சங்கதி என்று கேளுங்கள்.

இவற்றுள் எதற்கும் பெருஞ் செலவில்லை. பன்னிரண்டு பேர் தம் உயிரைக் கொடுத்துப் பெற்றுத் தந்த மாலைப் பொழுதை நாம் வீணாக்காமல் வாழ்வதே அவர்களுக்குச் செய்யும் நன்றியாகும்.