வாயை நனைப்பதெல்லாம் பல்லைக் காப்பதில்லை

ஆடி வெள்ளிக்கிழமைகளில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்திலுள்ள இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து வரும் பக்தருக்கு எடுக்கும் தாகமும், அதே வட்டாரத்தில் பல ஆண்டுகளாக மாத்திரை உட்கொண்டு வரும் முதியவருக்கு ஏற்படும் வாய் வறட்சியும் ஒன்றல்ல. தாகம் தண்ணீர் குடித்தால் தணிந்துவிடும். மருத்துவர்கள் ஜீரோஸ்டோமியா என்று குறிப்பிடும் வாய் வறட்சியோ, பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பிகள் போதிய அளவு சுரக்காததால் வருவது என்பதால், எவ்வளவு நீர் குடித்தாலும் சிறிது நேரத்தில் நாக்கு மீண்டும் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இவ்விரண்டுக்கும் பானகம், எலுமிச்சைச் சர்பத், கலர், புளிப்பு மிட்டாய் என்று ஒரே வைத்தியத்தைக் கையாள்வதில்தான் பல்லுக்குக் கேடு தொடங்குகிறது.

உடல்நலமுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அது உணவுத் துகள்களைக் கழுவுகிறது, அதிலுள்ள பைகார்பனேட் வாயில் உருவாகும் அமிலத்தை முறிக்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லின் மேலுறையான எனாமலில் ஏற்படும் நுண்ணிய இழப்பை ஈடுசெய்கின்றன. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவு வாயில் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது என்பதும், ஈறு இறங்கி வெளியே தெரியும் பல்வேர் அதைவிடக் குறைந்த அமிலத்திலேயே கரைந்துவிடும் என்பதும் முதியோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை. பொதுவாகக் கடைவாய்ப் பற்களின் குழிகளில் விழும் சொத்தை, உமிழ்நீர் வற்றியவர்களுக்கு ஈறோரத்திலும் முன்பற்களின் விளிம்பிலும்கூடப் பழுப்பு வளையமாகப் படர்கிறது. பல்செட் நழுவுகிறது, வாயில் பூஞ்சைத் தொற்று எளிதில் பற்றுகிறது.

ரத்தக்கொதிப்புக்கான சில மாத்திரைகள், நீர் பிரியச் செய்யும் மருந்துகள், சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் செட்ரிசின் வகை, மன அழுத்தத்துக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின் போன்றவை உமிழ்நீரைக் குறைக்கக்கூடியவை. கட்டுப்படாத சர்க்கரை நோயும், தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குத் தரும் கதிர்வீச்சும் அவ்வாறே. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை நோய் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. வாய் காய்கிறது என்பதற்காக அவற்றைத் தாமாக நிறுத்துவது பல் சொத்தையைவிடப் பெரிய ஆபத்து. மருந்தையோ அளவையோ நேரத்தையோ மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பதே சரியான வழி. காரணம் எதுவாயினும் சுரப்பை அளந்து பார்க்கும் முறை எளியது: எதையும் மெல்லாமல் 5 நிமிடம் ஒரு குவளையில் உமிழச் சொல்லி, நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டருக்கும் குறைவாக இருந்தால் சுரப்புக் குறைவு என்று முடிவு செய்வர்.

சிகிச்சை என்ற பெயரில் விற்பனையாகும் எல்லாமே பல்லுக்கு நட்பானவை அல்ல. புளிப்பு, உமிழ்நீரைத் தூண்டும் என்பது உண்மையே. ஆயினும் சிட்ரிக் அமிலம் கலந்த மிட்டாயை நாள் முழுதும் அடக்கி வைத்திருப்பவரின் எனாமல் அந்த அமிலத்தாலேயே அரிக்கப்படுகிறது, சர்க்கரையும் சேர்ந்தால் சேதம் இரட்டிப்பாகிறது. வாயில் தெளிக்கும் செயற்கை உமிழ்நீரிலும் அமிலத்தன்மை மிக்கவை உண்டு என்பதால், இயற்கைப் பல் உள்ளவர்கள் பி.எச். நடுநிலையில் உள்ளதையும், இயன்றால் புளோரைடு சேர்ந்ததையும் கேட்டு வாங்க வேண்டும். ஆல்கஹால் கலந்த வாய்க்கொப்பளிப்பு நீர் வறட்சியைக் கூட்டும். வெற்றிலையோடு புகையிலை போடுவதை வறட்சிக்கு வைத்தியமாகக் கருதுவோருக்குச் சொல்லக்கூடியது, அது வாய்ப்புற்றுக்கு வழி என்பது மட்டுமே.

சர்க்கரையில்லாத, சைலிட்டால் சேர்ந்த சூயிங்கத்தை மெல்லுவதும், அடிக்கடி சிறு மடக்காகத் தண்ணீர் அருந்துவதும், புளோரைடு உள்ள பற்பசையால் இருவேளை துலக்குவதும் அடிப்படைக் காப்பு. சாத்தூர் வெள்ளரிக்காய் நீரும் தந்து மெல்லவும் வைப்பதால், சர்பத்தைவிட நூறு மடங்கு மேல் என்று தயங்காமல் சொல்லலாம். சொத்தை வேகமாகப் பரவினால் பல் மருத்துவர் புளோரைடு வார்னிஷ் பூசுவார். சுரப்பியில் உயிர்ப்பு எஞ்சியிருப்பவர்களுக்குத் தரப்படும் பைலோகார்பின் மாத்திரை உமிழ்நீரோடு வியர்வையையும் பெருக்குவதால், கோடை வெயிலில் பட்டாசு ஆலையில் வேலை செய்பவர் தம் தொழிலை மருத்துவரிடம் சொல்லாமல் அதை உட்கொள்ளக் கூடாது. கட்டுப்படாத ஆஸ்துமாவோ குறுகிய கோணக் கண்நீர் அழுத்த நோயோ உள்ளவர்களுக்கு அது ஆகாது. கதிர்வீச்சுக்குச் செல்பவர் முன்னதாகவே பற்களைச் சோதித்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிவிடுவது அவசியம், ஏனெனில் கதிர்வீச்சுக்குப் பின் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் அழுகக்கூடும்.

வாய் வறட்சியால் அவதிப்படுவோருக்குச் சட்டம் தரும் உரிமைகளும் உண்டு, அவற்றில் முதலாவது தண்ணீர். தொழிலாளருக்கு நல்ல குடிநீர் தருவது நிர்வாகத்தின் கடமை என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 18-ஆம் பிரிவில் வகுத்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் குளிர்ந்த நீரும் வேண்டும் என்றது. குடிநீரைக் கட்டாயமாக்கும் கடமை 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ள தொழிலாளியும் குடும்பத்தாரும் சிவகாசி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையை நாடலாம், ஏனையோருக்கு 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்குச் சென்றாலும் உட்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் சென்று பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

மருந்தின் பக்கவிளைவையும் மாற்று வழியையும் கேட்டறிவது நோயாளியின் உரிமை. மருத்துவக் குறிப்புகளின் நகலைப் பெறுவதும் அவ்வாறே. கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்தாலோ, பொருளின் விளம்பரம் பொய்யானாலோ, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம், அல்லது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அதற்குக் கட்டணம் இல்லை.