விசில் அடிப்பது யார்?

பொன்முடி மலைக்கு நீங்கள் வந்திருக்கிறீர்களா? திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாக வர வேண்டும். கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1100 மீட்டர் உயரத்தில் நிற்போம். ஒரு பக்கம் புல்வெளி. ஒரு பக்கம் காடு. வழியெல்லாம் தேயிலைத் தோட்டம்.

விடியற்காலை. எங்கும் பனிமூட்டம். ஓடைப் பக்கம் யாரோ விசில் அடிக்கிறார்கள். பாட்டு தெரியாத சிறுவன் வாய்க்கு வந்தபடி விசில் அடிப்பது போல இருக்கிறது. போய்ப் பார்த்தால் அங்கே ஆள் இல்லை.

லயத்தில் இருக்கும் ஒரு சிறுமி அம்மாவிடம் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

"அம்மா, விசில் அடிக்கிறது யாரு?"

"அது ஒரு குருவி கண்ணு. ஓடைக்கரைப் பாறை இடுக்கில்தான் கூடு கட்டும்."

"அதுக்குப் பேரு என்ன?"

"பேரெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன படிச்சிருக்கேன்?"

இந்தத் தாய் சொன்ன கடைசிப் பதில் சரியா? சற்று யோசித்துப் பாருங்கள். குருவி எங்கே வாழும், எங்கே கூடு கட்டும் என்று அவளுக்குத் தெரிகிறது. பெயர் மட்டும் தெரியவில்லை. அப்படியானால் பாடத்தில் பெரும் பகுதி அவளுக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

உயிரியல் என்றால் என்ன?

செடி, கொடி, மரம், பூச்சி, பறவை, விலங்கு, மனிதன், கண்ணுக்குத் தெரியாத கிருமி. இவை எல்லாம் உயிருள்ளவை. இவை எப்படிப் பிறக்கின்றன, எதைத் தின்கின்றன, எப்படிப் பெருகுகின்றன, ஒன்றை ஒன்று எப்படிச் சார்ந்து வாழ்கின்றன? இவற்றைச் சொல்லும் பாடம்தான் உயிரியல்.

இந்தப் பாடத்துக்குப் புத்தகம் வேண்டும், ஆசிரியரும் வேண்டும். இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அது நம் கையில் இருக்கும் செல்போன். படம் பார்க்கவும் பாட்டு கேட்கவும் மட்டும் உள்ள பொருள் அல்ல அது. சரியாகப் பயன்படுத்தினால் அது ஒரு நூலகம்.

பள்ளிப் பாடம் போனில் வந்த கதை

2020-ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியது. பள்ளிகளை மூடினார்கள். அந்த ஆண்டு ஜூன் 1 அன்று கேரள அரசு 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் பாடங்களைத் தொடங்கியது. கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் அவை வந்தன. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழிலும் பாடங்கள் தயாரித்தார்கள்.

2017-இல் மத்திய அரசு 'திக்ஷா' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. இதில் பல மொழிகளில் பாடங்கள் உள்ளன. தமிழும் உண்டு. இதற்குக் கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் சிறு கட்டம் கட்டமாக ஒரு சதுரப் படம் அச்சிட்டிருப்பார்கள். அதை போனின் கேமராவால் படித்தால் அந்தப் பாடத்தின் வீடியோ வரும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேரளப் பாடத்திட்டம் வேறு, தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் வேறு. இதயம் எப்படி வேலை செய்கிறது என்பது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் எந்த வகுப்பில், எத்தனையாவது பாடத்தில் வருகிறது என்பது மாறும். பரீட்சைக்குப் படிக்கும்போது பிள்ளை தன் பாடப்புத்தகத்தை ஒட்டியே படிக்க வேண்டும்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி

இப்போது நம் விசில்காரனிடம் வருவோம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பறவைகளை ஆராயும் கூடம் ஒன்று உண்டு. அவர்கள் 'மெர்லின்' என்ற செயலியை இலவசமாகக் கொடுக்கிறார்கள். பறவையின் நிறம், அளவு, பார்த்த இடம் ஆகியவற்றைச் சொன்னால், இன்ன பறவையாக இருக்கலாம் என்று அது படத்தோடு காட்டும். பல பறவைகளின் குரலைக் கேட்டும் பெயர் சொல்லும். நம் பகுதிக்கான தொகுப்பை முதலிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், டவர் கிடைக்காத இடத்திலும் இது வேலை செய்யும். மலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

விசில் அடிக்கும் அந்தப் பறவைக்குத் தமிழில் சீகாரப் பூங்குருவி என்று பெயர். மலையாளத்தில் சூளக்காக்கா என்பார்கள். சூளம் என்றால் அங்கே விசில். உடல் கருநீலம். நெற்றியிலும் தோளிலும் பளிச்சென்று நீலம் மின்னும். போன் சொன்ன பெயர் சரிதானா என்று இந்த அடையாளங்களை வைத்து நாமே சோதிக்கலாம்.

நாம் பார்த்த பறவைகளை எழுதி வைக்க 'ஈபேர்ட்' என்ற இணையதளம் இருக்கிறது. எழுதி வைத்து என்ன பயன்? கேரளத்தில் 2015 முதல் 2020 வரை நடந்ததைக் கேளுங்கள். மாநிலம் முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் போய்ப் பறவைகளைக் கணக்கெடுத்து ஈபேர்டில் பதிந்தார்கள். சுமார் 3 லட்சம் பதிவுகள் சேர்ந்தன. 361 வகைப் பறவைகள் கணக்கில் வந்தன. எந்தப் பறவை எங்கே வாழ்கிறது என்ற வரைபடம் இப்படித்தான் உருவானது. சாதாரண மக்கள் பலர் சேர்ந்து செய்த வேலை இது.

மரத்தைக் கவனிக்கவும் ஒரு திட்டம் உண்டு. அதன் பெயர் 'சீசன்வாட்ச்'. வீட்டுக்கோ பள்ளிக்கோ அருகில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாரம் ஒரு முறை அதைப் பார்க்க வேண்டும். தளிர் விட்டதா, பூத்ததா, காய்த்ததா என்று பதிய வேண்டும். அவ்வளவுதான். சித்திரை விஷுவை ஒட்டிப் பூக்க வேண்டிய கொன்றை, பல இடங்களில் முன்னதாகவே பூத்து விடுவது இப்படிப்பட்ட பதிவுகளில் தெரிகிறது. பருவம் மாறுவதைப் பள்ளிப் பிள்ளைகளே கண்டு சொல்ல முடிகிறது.

காட்டு வழியில் கற்ற பாடம்

படித்தவர்கள் மட்டும்தான் அறிவியலுக்கு உதவ முடியும் என்று நினைக்காதீர்கள். 1987-ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் குழு ஒன்று அகத்தியமலைக் காட்டில் நடந்தது. வழிகாட்டியாகக் காணிப் பழங்குடியினர் வந்தார்கள். விஞ்ஞானிகள் களைத்துப் போனார்கள். காணிகள் களைக்கவில்லை. நடந்துகொண்டே ஏதோ சிறு காய்களைத் தின்றார்கள். கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினார்கள். பிறகு செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப் பச்சை.

பொன்முடி போகும் வழிக்குப் பக்கத்தில் உள்ள பாலோடு தாவரவியல் தோட்டத்தில் அதை ஆராய்ந்தார்கள். 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. 1995-இல் அதைத் தயாரிக்கும் உரிமையை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். கிடைக்கும் பணத்தில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அதற்காக 1997-இல் காணிகளின் அறக்கட்டளை ஒன்று பதிவானது. மக்களின் அறிவுக்கும் விலை உண்டு, உரிமை உண்டு என்று உலகம் இதைப் பேசியது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அரிய செடியைக் கண்டால் படம் எடுத்து வையுங்கள். ஆனால் அது இருக்கும் இடத்தை எல்லாருக்கும் அனுப்பாதீர்கள். வேரோடு பிடுங்கிப் போக ஆள் வந்து விடும்.

போனை நம்பக் கூடாத நேரம்

போன் தவறும் சொல்லும். படம் தெளிவாக இல்லை என்றால் தவறு அதிகமாகும். பறவையின் பெயர் தவறினால் நஷ்டம் இல்லை. சில இடங்களில் தவறினால் உயிர் போகும்.

காளானைப் படம் எடுத்து, போன் சொன்னதை நம்பிச் சமைக்காதீர்கள். வீடியோவில் யாரோ சொன்ன பச்சிலையை அரைத்துக் குடிக்காதீர்கள்.

பாம்பு கடித்தால் என்ன பாம்பு என்று போனில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கடித்த இடத்தைக் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். வீட்டுக்குள் பாம்பு வந்தால், அதைப் பிடிக்க வனத்துறையிடம் அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களை அழைக்கக் கேரள வனத்துறையின் 'சர்ப்பா' செயலி உதவும். அதை இன்றே போனில் ஏற்றி வையுங்கள்.

நம்மால் முடியுமா?

முடியும். 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார்கள். அன்று முதியவர்கள் சிலேட்டும் புத்தகமும் பிடித்தார்கள். பிறகு இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் புல்லம்பாறை ஊராட்சி போனைப் பிடித்தது. ஊரில் உள்ளவர்களுக்கு போனையும் இணையத்தையும் பயன்படுத்தக் கற்றுக் கொடுத்தார்கள். 2022-இல் அது முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சி ஆனது. 2025 ஆகஸ்டில் மாநிலம் முழுவதற்கும் அந்தப் பெயர் கிடைத்தது.

ஆகவே பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பெயரை போன் சொல்லட்டும். அந்தப் பறவை எந்த மாதம் வரும், எந்தப் பழத்தைத் தின்னும், எங்கே கூடு கட்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். பிள்ளை இரண்டையும் நோட்டில் எழுதட்டும். நாளைக்கு மகள், "அதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டால், "தெரியாது" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். "வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டருகே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். நான்கு வாரம் கவனித்து எழுதுங்கள்.

2. தினமும் நீங்கள் கேட்கும் ஐந்து பறவைக் குரல்கள் எவை? உங்கள் ஊரில் அவற்றுக்கு என்ன பெயர்?

3. போன் சொல்வதை எந்தெந்த நேரத்தில் நம்பக் கூடாது? குழுவில் பேசுங்கள்.