வெல்வோர் இல்லா விளையாட்டுகள்

விளையாட்டு என்றால் ஒருவர் வெல்ல வேண்டும், மற்றவர் தோற்க வேண்டும். தாயமோ, கேரமோ, சதுரங்கமோ, எதுவாயினும் இதுவே நியதி என்று நாம் எண்ணியிருக்கிறோம். ஆனால், நால்வர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து மூன்று மணி நேரம் ஆடி, வென்றவரும் தோற்றவரும் இன்றி எழுந்து செல்லும் விளையாட்டுகளும் உலகில் உண்டு. அவற்றுள் சில, குடும்பம் தன் முகத்தைத் தானே பார்க்கும் கண்ணாடியாக அமைவதுதான் வியப்பு!

கதையே விளையாட்டு

சிறுவர் கூடினால் ஒருவன் ஆசிரியராவான், ஒருத்தி மருத்துவராவாள். இவ்வாறு வேடமேற்று ஆடும் ஆட்டத்திற்கு விதிகள் வகுத்துப் பெரியவர்க்கும் உரியதாக்கினர் அமெரிக்க நாட்டினர் இருவர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய அவ்விருவரும் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் ஆட்டமே இவ்வகையில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் பாத்திரமேற்று, “நான் இன்னது செய்கிறேன்” என்று சொல்வர். செய்கை பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

1980களில் அந்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல இவ்விளையாட்டைக் கண்டு அஞ்சின. இது பிள்ளைகளைச் சூனியத்திற்கும் தற்கொலைக்கும் இட்டுச் செல்லும் என்ற பேச்சு பரவியது. அக்குற்றச்சாட்டுக்குத் தக்க சான்று கிடைக்கவில்லை. பிள்ளைகள்மீது கொண்ட அன்பே அவ்வச்சத்தின் ஊற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பிள்ளைகளோடு ஒரு மாலைப்பொழுது அதே மேசையில் அமர்ந்து பார்த்திருந்தால், அந்த அச்சம் பெருமளவு தணிந்திருக்கும் அன்றோ?

சிறு கைகளின் படைப்பு

பெரிய நிறுவனங்களைச் சாராமல், ஓரிருவர் தாமே எழுதித் தாமே வெளியிடும் ஆட்டங்கள் இந்நூற்றாண்டில் பெருகியுள்ளன. முழு ஆட்டத்தையும் 200 சொற்களுக்குள் எழுதும் போட்டியொன்றும் 2015இல் தொடங்கியது. ‘டிரெட்’ என்னும் திகில் ஆட்டத்தில் பகடையே இல்லை. மரக்கட்டைகளை அடுக்கிய ‘ஜெங்கா’ கோபுரத்திலிருந்து, இடர் நேரும்போதெல்லாம் ஒரு கட்டையை உருவ வேண்டும். எவர் கையால் கோபுரம் சரிகிறதோ, அவருடைய பாத்திரம் கதையைவிட்டு நீங்கும். ‘கிரே ராங்க்ஸ்’ என்னும் ஆட்டம், 1944இல் நாசிப் படையை எதிர்த்து வார்சா நகரில் எழுந்த கிளர்ச்சியில் பங்கேற்ற வளரிளம் பருவத்தினரின் துயரக் கதையைச் சொல்ல வைக்கிறது.

மனக்கசப்புக்கு ஒரு கல்

இவற்றுள் குடும்பங்கள் சிறப்பாகக் கருத வேண்டியது, கனடா நாட்டு ஏவரி ஆல்டர் 2013இல் வெளியிட்ட ‘அமைதியான ஆண்டு’ என்னும் ஆட்டம். நெடிய போர் ஓய்ந்து, தப்பிப் பிழைத்த ஒரு சிறு சமூகத்திற்கு ஓராண்டு அமைதி வாய்க்கிறது. சீட்டுக்கட்டின் 52 சீட்டுகளும் ஆண்டின் 52 வாரங்கள். ஹார்ட்டின் வசந்தம், டயமண்ட் கோடை, கிளாவர் இலையுதிர் காலம், ஸ்பேட் குளிர்காலம். வாரத்திற்கொரு சீட்டை எடுத்து, அதற்குரிய நிகழ்ச்சியை நூலில் படித்து, நடுவிலுள்ள தாளில் அனைவரும் தம் ஊரின் வரைபடத்தைச் சிறிது சிறிதாக வரைந்து வளர்க்கின்றனர். ஸ்பேட் ராஜா எப்போது வருகிறாரோ, அப்போது ஆட்டம் முடிந்துவிடும். எடுத்த வேலை முற்றுப்பெறாமலே நின்றுபோகலாம்.

இதன் உயிர்நாடி இரண்டு விதிகளில் உள்ளது. தம் முறை வந்தவர் கிணறு வெட்டலாம், மதில் எழுப்பலாம். எவரையும் கேட்க வேண்டியதில்லை. அல்லது ஊர்க்கூட்டம் கூட்டலாம். அதில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு கருத்தைச் சொல்லலாம். பதிலுக்குப் பதில் பேச இடமில்லை. கூட்டத்தின் முடிவில் தீர்மானமும் கிடையாது.

அப்படியானால், தன்னைக் கலந்துகொள்ளாமல் ஒன்று நடந்துவிட்டதே என்று புண்பட்டவர் என்ன செய்வார்? மேசை நடுவில் சிறு கற்களோ மணிகளோ குவிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றை வாய்பேசாது எடுத்துத் தம்முன் வைத்துக்கொள்வார். அது மனக்கசப்பின் அடையாளம். பிறர் தம் செயலால் அவர் புண்ணை ஆற்றினால் கல்லைத் திருப்பி வைக்கலாம். அல்லது, தாமும் பிறரைப் பொருட்படுத்தாது தன்னலமாக ஒன்றைச் செய்துவிட்டுத் திருப்பி வைக்கலாம்.

எண்ணிப் பாருங்கள்! மகளின் படிப்பு, நிலத்தின் விற்பனை, முதிய தாயார் யாரிடம் தங்குவது என எத்தனை முடிவுகள் ஒருவரைக் கேளாமலே எடுக்கப்படுகின்றன! அவர் வாய் திறப்பதில்லை, கல் மட்டும் சேர்கிறது. பல ஆண்டுகள் கழித்துத் திருமண வீட்டில் அற்பக் காரணத்திற்காக அவர் எழுந்து போகும்போது, “இதற்கா இவ்வளவு கோபம்?” என்று நாம் திகைக்கிறோம். நாம் காணாத கற்களை இந்த ஆட்டம் கண்முன் வைக்கிறது. அடுத்தவர்முன் கல் கூடுவதைக் கண்டவர், தம் முறை வரும்போது சற்றே நின்று சிந்திக்கிறார்.

பேச்சற்ற வகுப்பறை

‘சைன்’ என்னும் மற்றோர் ஆட்டம் உண்மை வரலாற்றில் பிறந்தது. நிக்கராகுவா நாட்டில் காதுகேளாத பிள்ளைகள் வீட்டோடு தனித்திருந்தனர். 1977இல் தலைநகர் மனாகுவாவின் பள்ளியொன்றில் அவர்களுள் சுமார் 50 பேர் ஒன்று சேர்க்கப்பட்டனர். எவரும் கற்றுத்தராமலே அப்பிள்ளைகள் தமக்குள் ஒரு சைகை மொழியைப் படைக்கத் தொடங்கினர். ஆண்டுதோறும் புதிதாக வந்த பிள்ளைகள் அதை வளர்த்தனர். மொழியியல் அறிஞர்கள் இன்றும் அதனை வியந்து ஆராய்கின்றனர்.

இந்த ஆட்டத்தில் அனைவரும் அப்பிள்ளைகளாகின்றனர். ஒரு சொல்லும் பேசக்கூடாது. சைகைகளைத் தாமே உருவாக்கிப் பிறருக்குக் கற்பிக்க வேண்டும். பிறர்க்குப் புரியவைக்க இயலாமல் விட்டுவிடும்போதும், புரியாததைப் புரிந்ததுபோல் காட்டும்போதும் தம் கையில் பேனாவால் ஒரு குறி இட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிகையில் கையில் எத்தனை குறிகள்! வீட்டில் நாம் வெறுமனே தலையசைத்த தருணங்களுக்கும் குறியிட்டால், நம் கைகளில் இடம் இருக்குமா?

பெற்றோர்க்கு ஒரு சொல்

இவ்வாட்டங்கள் அனைத்தும் எல்லா வயதினர்க்கும் ஏற்றவை என்று சொல்வதற்கில்லை. கொடூரமும் இச்சையும் மலிந்தவையும் உண்டு. ஆதலால், விதிநூலை முதலில் பெற்றோர் படிப்பது நன்று. மனம் நோகும் காட்சி வந்தால், மேசைமீதுள்ள ஓர் அட்டையைத் தொட்ட மாத்திரத்தில், காரணம் கேளாமல் அக்காட்சியை விட்டுவிடும் வழக்கமும் ஆடுவோரிடையே உள்ளது. அதையும் கைக்கொள்ளலாம்.

‘அமைதியான ஆண்டு’ ஆட ஒரு சீட்டுக்கட்டு, வெள்ளைத் தாள், பென்சில், சில பகடைகள், கைப்பிடிக் கற்கள், விதிநூல் இவையே போதும். ஒரு ஞாயிறு மாலை பிள்ளைகளோடு அமருங்கள். வீட்டில் எவரும் கேட்காத குரல் யாருடையது என்பதை அந்தக் கற்கள் உங்களுக்குக் காட்டிவிடும். மறுநாள் அவரிடம், “உனக்கு எப்படித் தோன்றுகிறது?” என்று கேளுங்கள். பிறகு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.