கொட்டகைக் கதவின் சக்கரம் தேய்ந்தால்...



விதை, உரம் என்று பேசுகிற நான் இன்றைக்கு இரும்புக் கதவைப் பற்றிப் பேசப் போகிறேன். காரணம் இருக்கிறது. நிலக்கடலை வயல் பார்க்கப் போன ஓர் ஊரில், டிராக்டர் கொட்டகையின் தள்ளு கதவை மூன்று பேர் முக்கி முனகித் தள்ளிக் கொண்டிருந்தார்கள். "சக்கரம் தேஞ்சு போச்சுங்க சார், அறுவடை முடியட்டும்னு விட்டிருக்கோம்" என்றார் வீட்டுப் பெரியவர். அண்ணாந்து பார்த்தேன். கதவின் தலை மேல் காடிக்குள் ஒரு விரற்கடைகூட இல்லை!

தள்ளு கதவு சாய்வது இப்படித்தான். அடியில் இரண்டு சக்கரம் தண்டவாளத்தில் ஓடுகிறது. தலை மேல் காடிக்குள் நிற்கிறது. சக்கரம் தேயத் தேயக் கதவு இறங்கும், தலை காடியை விட்டு நழுவும். அப்புறம் ஒரு பலத்த காற்று போதும். 12 அடி அகலம், 10 அடி உயரக் கதவில் 1.2 மில்லிமீட்டர் தகடு மட்டுமே 100 கிலோவைத் தாண்டும். சட்டத்தின் எடை தனி. சாய்கிற கதவைத் தாங்கிப் பிடிக்கலாம்னு யாரும் கை நீட்டாதீங்க. விட்டுவிட்டு விலகி ஓடுவதுதான் சரி.

கரகரவென்று சத்தம், தண்டவாளத்தில் இரும்புத் தூள், ஒரு பக்கம் தாழ்வு, இவற்றைக் கண்டால் தள்ளிப் போடாதீர்கள்.

காற்றில்லாத பகல் நேரத்தில் மூன்று பேராகச் செய்யுங்கள். டிராக்டரை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். பிள்ளைகளும் மாடு கன்றும் கிட்டே வரக்கூடாது. கதவை முழுக்கத் திறந்து சுவரோரம் நிறுத்தினால் ஒரு பக்கம் சுவர் தாங்கும். மறுபக்கம் இரண்டு சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து, அடி நழுவாமல் முளை அடியுங்கள். கழற்றாத சக்கரத்துக்கு இருபுறமும் ஆப்பு வையுங்கள்.

பலகை மேல் ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். தலை மேலே முட்டுகிறதா என்று ஒருவர் பார்த்துக் கொண்டே இருக்கட்டும். தூக்கத் தூக்கச் சட்டத்தின் கீழே மரக்கட்டை சொருகிக் கொண்டே வரவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே கை விடாதீர்கள், அது வழுக்கும். சக்கரம் வெளியே வருகிற அளவு தூக்கினால் போதும். அச்சு போல்ட் துருப்பிடித்திருந்தால் முதல் நாள் இரவே மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு ஊற வையுங்கள்.

பழைய சக்கரத்தைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். தண்டவாளம் கோண இரும்பு என்றால் கூர்மையான பள்ளம், உருண்டைக் கம்பி என்றால் வளைந்த பள்ளம் உள்ள சக்கரம் வேண்டும். பேரிங்கின் பக்கத்தில் எண் இருக்கும்: 6203 என்றால் துளை 17 மில்லிமீட்டர், 6204 என்றால் 20. ஒன்று தேய்ந்திருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் கதவு கோணலாகவே நிற்கும். பேரிங்கைச் சக்கரத்துக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தில்தான் தட்ட வேண்டும். உள் வளையத்தில் தட்டினால் புதுப் பேரிங் அன்றைக்கே கெட்டது. தண்டவாளத்தில் கிரீஸ் பூசுகிற பழக்கமும் வேண்டாம், மண்ணை ஒட்டவைத்துச் சக்கரத்தைத் தின்றுவிடும்.

சுருள் ஷட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே உருளைக்குள் முறுக்கேறிய ஸ்பிரிங் இருக்கிறது. அதன் போல்டை நீங்களாகக் கழற்றாதீர்கள், அதற்கென்று இருக்கிற மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

தள்ளு கதவை இறக்கியதும் மேல் காடியையும், தண்டவாளத்தின் இரு முனைத் தடுப்புகளையும் பாருங்கள். நான் பார்த்த கொட்டகையில் ஒரு முனையில் தடுப்பே இல்லை. டிப்பர் இடித்து எப்போதோ உடைந்ததாம். பெரியவர் அன்று மாலையே வெல்டிங் ஆளை வரச் சொன்னார். வைக்கோல் போரும் டீசல் கேனும் பக்கத்திலேயே இருந்தன. அவற்றை அப்புறப்படுத்திய பிறகுதான் வேலையைத் தொடங்கவிட்டேன்.