ஓர் ஆக்சிஜன் அணு

மேச்சேரி ஆட்டின் கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பாருங்கள். செக்கச்செவேலென்று இருக்க வேண்டும். வெளுத்திருந்தால், நாலாம் இரைப்பையில் ஹீமாங்கஸ் புழு இரத்தம் உறிஞ்சுகிறதோ என்று சந்தேகிக்கலாம். ஒரு புழு நாளுக்கு 0.05 மில்லிதான் குடிக்கும். ஆயிரம் புழு சேர்ந்தால் 50 மில்லி. குட்டி எத்தனை நாள் தாங்கும்?

பூச்சி மருந்து ஊற்றியும் இமை சிவக்கவில்லை என்றால் மருந்துக் கடைக்காரர் மேல்தான் கோபம் வரும். உண்மையைச் சொல்வது புழுக்கை. அதைக் கரைத்துச் செறிவான உப்புநீரில் விட்டால் முட்டைகள் மிதக்கும். கட்டம் போட்ட கண்ணாடியில் எண்ணலாம். மருந்துக்கு முன் கிராமுக்கு 2,000 முட்டை இருந்தால், இரண்டு வாரத்தில் 100-க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையா? எடைக்குக் குறைவாக ஊற்றியிருக்கலாம்; இல்லாவிட்டால் புழு மருந்தை வென்றுவிட்டது.

எது என்று அறிய இன்னொரு சோதனை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். புது முட்டைகளை, மில்லிக்கு 0.1 மைக்ரோகிராம் தையபெண்டசோல் என்ற பூச்சி மருந்து கலந்த நீரில் 48 மணி நேரம் விடுகிறார்கள். மருந்துக்கு அடங்கும் முட்டை பொரிவதில்லை. அடங்காததிலிருந்து இளம்புழு வெளியே வந்து, அந்த மருந்திலேயே நெளிகிறது. ஆடே இல்லாமல், சின்னக் குழியில் விடை கிடைத்துவிடுகிறது.

புழு எப்படித் தப்பியது? தையபெண்டசோல், அல்பெண்டசோல், பென்பெண்டசோல் எல்லாம் ஒரே மருந்துக் குடும்பம். புழுவின் செல்லுக்குச் சட்டம் கட்டும் பீட்டா டியூபுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, கட்டுமானத்தையே நிறுத்திவிடும். அந்தப் புரதத்தின் 200-வது இடத்தில் பினைல்அலனின் இருந்தால் மருந்து நன்றாகப் பிடிக்கும். மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் அங்கே டைரோசின் வந்து உட்காரும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் ஆக்சிஜன் அணு! பாலூட்டிகளின் டியூபுலினிலும் அதே இடத்தில் டைரோசின்தான். ஆட்டைக் காக்கும் வடிவத்தையே புழுவும் எடுத்துக்கொண்டது.

இந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான தையபெண்டசோல் வந்தது 1961-ல். அதற்குப் புழுவின் எதிர்ப்பு 1964-லேயே அமெரிக்காவில் பதிவானது. தமிழ்நாட்டில் நீலகிரியிலும் காவிரிப் படுகையிலும் இத்தகைய எதிர்ப்பை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒட்டுண்ணியியலுக்கென்றே ஒரு துறை இயங்குகிறது. பட்டியில் மருந்து பலிக்கவில்லை என்று தோன்றினால், அடுத்த புட்டியை வாங்குவதற்குமுன் ஆட்டை எடை போட்டு அளவைச் சரிபாருங்கள். பிறகு நாலைந்து ஆடுகளின் புழுக்கையை, தரையிலிருந்து பொறுக்காமல், ஆட்டிடமிருந்தே நேராக எடுத்து, ஈரம் காயுமுன் மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.