கால்நடை உதவியாளருக்கு எவ்வளவு உடற்கூற்றியல் தேவை?

புது தில்லி: எருமைக்கு வயிறு உப்பிவிட்டால் முதலில் தட்டிப் பார்க்க வேண்டியது அதன் இடப்பக்க விலாவை. அசைபோடும் விலங்குகளின் நான்கு அறை வயிற்றில் மிகப் பெரியதான ரூமன் எனும் முதல் அறை, வயிற்றின் இடப்புறம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. வளர்ந்த மாட்டில் இதன் கொள்ளளவு நூறு லிட்டருக்கும் அதிகம். தீனி நொதித்து உண்டாகும் வாயு ஏப்பமாக வெளியேறாவிட்டால் இந்த அறை பெருத்து நுரையீரலை நெருக்கும். சில மணி நேரத்தில் மாடு மூச்சுத் திணறி இறந்துவிடலாம்.

இத்தகைய வேளையில் கிராமத்து மாட்டுக் கொட்டிலுக்கு முதலில் வந்து சேருபவர் பெரும்பாலும் கால்நடை மருத்துவர் அல்லர். அவருக்கு உதவியாகப் பணிபுரிபவரே. ஹரியாணாவில் அவர் கால்நடை மேம்பாட்டு உதவியாளர். பஞ்சாபில் கால்நடை இன்ஸ்பெக்டர். தமிழகத்தில் கால்நடை ஆய்வாளர். மனிதர்களுக்கான மருத்துவமனையில் செவிலியர் செய்யும் பணிக்கு ஏறத்தாழ இணையான பணி இது. 2019-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 53.58 கோடி கால்நடைகள் உள்ளன. இவற்றில் மாடுகள் 19 கோடிக்கும் அதிகம். எருமைகள் ஏறக்குறைய 11 கோடி. 1962 என்ற எண்ணை அழைத்தால் வரும் நடமாடும் மருத்துவ ஊர்தியும்கூட ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் திட்டமிடப்பட்டுள்ளது. அதிலும் மருத்துவருடன் ஓர் உதவியாளர் இருப்பார்.

சட்டம் சொல்வது என்ன?

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், பதிவு பெற்ற மருத்துவரைத் தவிர வேறு எவரும் கால்நடை மருத்துவம் செய்யக் கூடாது என்கிறது. ஆனால், பட்டயமோ சான்றிதழோ பெற்ற உதவியாளர், மருத்துவரின் மேற்பார்வையில் "சிறு கால்நடை மருத்துவச் சேவைகளை" அளிக்க மாநில அரசு அனுமதிக்கலாம் என்று 30-ஆவது பிரிவு இடம் தருகிறது. தடுப்பூசி போடுதல், காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் ஆகியவை அதில் எடுத்துக்காட்டாகக் குறிப்பிடப்பட்டுள்ளன. மற்றவற்றை அந்தந்த மாநிலம் அரசிதழில் அறிவிக்க வேண்டும்.

அந்தச் சான்றிதழைப் பெற என்ன படிக்க வேண்டும், எத்தனை மாதம் படிக்க வேண்டும் என்பது குறித்துச் சட்டம் எதுவும் கூறவில்லை. கால்நடை மருத்துவப் பயிற்சியும் தொழிலும் அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 15-ஆவது இனம். இந்தச் சட்டமே ஹரியாணா, பிகார், ஒரிசா, ஹிமாசலப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களின் தீர்மானங்களைப் பெற்று, 252-ஆவது பிரிவின் வழியாகத்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இதன் விளைவு வகுப்பறையில் தெரிகிறது. ஹிசார், பிகானேர் கால்நடைப் பல்கலைக்கழகங்களின் பட்டயப் படிப்பு இரண்டு ஆண்டுகள். செயற்கை முறைக் கருவூட்டலுக்காக மத்திய அரசுத் திட்டத்தில் உருவாக்கப்படும் 'மைத்ரி' பணியாளருக்கோ பயிற்சி மூன்று மாதங்களே. மாடு என்னவோ எல்லா ஊரிலும் ஒரே மாடுதான்.

"சிறு" சேவையின் பெரிய பாடம்

சட்டம் சிறியவை என்று குறிப்பிடும் பணிகளையே எடுத்துக்கொள்ளலாம். தடுப்பூசியைத் தோலுக்கு அடியில் போடுவதா, தசையில் போடுவதா என்பது மருந்துக்கு மருந்து மாறும். கன்றின் பின்தொடையில் இடம் தெரியாமல் குத்தினால் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு சேதமடைந்து, கன்று நிரந்தரமாக நொண்டக்கூடும். கழுத்துத் தசையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான்.

காயடிப்பதும் அப்படியே. பர்டிசோ எனப்படும் இடுக்கி தோலைக் கிழிக்காமல் உள்ளே இருக்கும் விந்து நாணை நசுக்குகிறது. இரு பக்க நாண்களையும் தனித்தனியே, சற்று மேலும் கீழுமாக நசுக்க வேண்டும். விதைப்பையின் முழு அகலத்தையும் ஒரே கோட்டில் நசுக்கிவிட்டால் தோலுக்கு இரத்தம் செல்லாமல் அழுகிவிடும். இரத்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று அறியாதவருக்கு இந்த விதி வெறும் மனப்பாடம். அவசரத்தில் அதுதான் முதலில் மறக்கும்.

உடலியங்கியலும் இதற்குக் குறைந்ததன்று. 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் மனிதருக்குக் காய்ச்சல். பசுவுக்கு அதுவே இயல்பான வெப்பம். ஆட்டுக்கு இன்னும் சற்றுக் கூடுதல். தலையை உயரத் தூக்கி, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து மருந்து புகட்டும் வழக்கம் பல கிராமங்களில் உண்டு. நாக்கு பிடிபட்ட மாட்டால் சரியாக விழுங்க முடியாது. உணவுக் குழாய்க்குப் போக வேண்டிய எண்ணெய், மூச்சுக் குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். வயிற்று நோய்க்குக் கொடுத்த மருந்தால் மாடு மூச்சு நோயில் சாவதைக் காண்பவர், அதை விதி என்றே எண்ணிவிடுகிறார்.

மனித நோயாளிகளுக்கான செவிலியர் கல்விக்கு 1947-லேயே மத்தியச் சட்டத்தின் மூலம் அகில இந்தியக் கவுன்சில் கிடைத்துவிட்டது. கால்நடை உதவியாளருக்கு அப்படி ஒன்று இல்லை. ஹிமாசலப் பிரதேசம் 2010-இல் தன் அளவில் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டது. ஒன்றிரண்டு பசுக்களையே சொத்தாகக் கொண்ட குடும்பத்துக்கு, வந்திருப்பவர் இரண்டு ஆண்டு படித்தவரா, மூன்று மாதம் படித்தவரா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

கன்று ஈன்ற மறுநாள் கறவை மாடு எழ முடியாமல் படுத்துவிடுவதைப் பால் காய்ச்சல் என்பர். பெயர்தான் காய்ச்சல், உடல் சில்லிட்டிருக்கும். பாலுக்குச் சுண்ணாம்புச் சத்து திடீரென இறங்கிவிடுவதே காரணம். கழுத்துச் சிரையில் கால்சியம் மருந்தை மெதுவாக ஏற்றினால் மாடு சில நிமிடங்களில் தலைதூக்கும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஆகவே ஏற்றுபவர் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மருத்துவர் தொலைபேசியில் மட்டுமே கிடைக்கும் நள்ளிரவில் இதை உதவியாளர் செய்வது "சிறு சேவை"யா, குற்றமா என்பதை அந்தந்த மாநிலத்தின் அரசிதழைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.