அரைச்சுற்றுத் திருகாணி

பள்ளிக்கூடத் தமிழாசிரியரான வாசகர் ஒருவர், சென்னை ரிச்சித் தெருவில் கம்பெனிகளிலிருந்து கழிக்கப்பட்டு வந்து விலைபோகும் மடிக்கணினிகளில் ஒன்றான திங்க்பேட் டி430-ஐ வாங்கிச் சில வருஷங்களாக உபயோகித்து வருவதாகவும், அது இப்போது உயிர்பெற்று எழுவதற்கே அளவுகடந்த தாமதம் செய்வதாகவும், அதிலுள்ள ஐ5 பிராசஸரை எடுத்துவிட்டு நான்கு கோர் கொண்ட ஐ7 ஒன்றைப் பொருத்தித் தருவதாகக் கடைக்காரர் சொல்லும் யோசனையால் பிரயோஜனம் உண்டா என்றும் கேட்டு எழுதியிருக்கிறார்.

அவருடைய யந்திரத்தில் இருப்பது 2012-இல் வெளிவந்த ஐ5-3320எம். இரண்டு கோர், சாதாரண வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், அவசியம் நேரும்போது எட்டக்கூடிய உச்சம் 3.3. கடைக்காரர் காட்டும் ஐ7-3632கியூஎம் அதே வருஷத்தது. கோர் நான்கு என்றாலும் சாதாரண வேகம் 2.2, உச்சம் 3.2தான். வீடியோவைத் தொகுப்பது, அதை வேறு வடிவத்துக்கு மாற்றுவது போன்று எல்லாக் கோர்களையும் ஒருங்கே வேலை வாங்கும் காரியங்களில் ஐ7 கணிசமாக முந்தும் என்பது வாஸ்தவமே. ஆனால் வினாத்தாள் தட்டச்சு செய்வதும் மதிப்பெண் பட்டியல் போடுவதும் ஒற்றைக் கோர் வேகத்தை நம்பியிருக்கும் வேலைகள். அவற்றில் புதியது பழையதை வென்றுவிடும் என்று எதிர்பார்க்க இடமில்லை. உண்மையில் அவரைக் காக்க வைப்பது, நிமிஷத்துக்கு 5,400 சுற்றுச் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அதன் தட்டு ஒருமுறை சுற்றிவரவே 11 மில்லி செகண்டு ஆகிறது. வேண்டிய தகவல் முள்ளின் அடியில் வந்து நிற்கும்வரை பிராசஸர் எதுவாயினும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். எஸ்.எஸ்.டி.யில் இந்தக் காத்திருப்பு மில்லி செகண்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

ஆயினும், மாற்றலாமா என்ற கேள்வி எழுவதற்கே காரணமாயிருக்கும் ஓர் உறுப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. விசைப்பலகையையும் கை ஊன்றும் தகட்டையும் கழற்றி, விசிறியோடு இணைந்த செப்புக் குழாயை மெல்ல எடுத்துவிட்டுப் பார்த்தால், நான்கு சென்டிமீட்டருக்கும் குறைந்த பக்கமுள்ள ஒரு சதுரச் சில்லும், அது உட்கார்ந்திருக்கும் சாக்கெட்டின் ஓரத்தில் தட்டைவாய்த் திருப்புளி பொருந்தும்படியான ஒரு திருகாணித் தலையும், அதன் பக்கத்தில் திறந்த பூட்டு, மூடிய பூட்டு என்ற இரண்டு குறிகளும் தென்படும். அந்தச் சில்லின் அடியில் பொன்முலாம் பூசிய 988 ஊசிகள் இருக்கின்றன. ஓர் ஊசியை அதன் துளையில் இறுக்கிச் செருக வெறும் 50 கிராம் விசை போதுமென்று வைத்துக்கொண்டாலும், மொத்தத்தில் 49 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை அந்த மெல்லிய மதர்போர்டு தாங்கவேண்டிவரும், அது தாங்காது. ஆகவே சாக்கெட்டை இரண்டு அடுக்காகச் செய்து, துளைகளைத் தாராளமாக விட்டு, சில்லு தன் சொந்த எடையாலேயே உள்ளே இறங்கும்படி அமைத்திருக்கிறார்கள். பிறகு அந்தத் திருகாணியை அரைச்சுற்றுத் திருப்பினால், மையம் விலகிய உருளையான அதன் தண்டு மேலடுக்கைச் சில்லோடு சேர்த்து இம்மியளவு பக்கவாட்டில் நகர்த்துகிறது. 988 ஊசிகளும் ஒரே கணத்தில் தத்தம் தொடுவில்லில் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. என் தகப்பனார் இரவில் கடை கட்டும்போது, எண் போட்ட பலகைகளை மேலும் கீழும் உள்ள காடிகளில் ஒவ்வொன்றாக லேசாகச் செருகி நகர்த்திவிட்டு, கடைசியில் குறுக்கே ஒரே ஓர் இரும்புப் பட்டையைப் போட்டு அத்தனை பலகைகளையும் இறுக்கி நிறுத்துவார். இந்தத் திருகாணியின் சாமர்த்தியமும் அந்த ஜாதியைச் சேர்ந்ததே.

இத்தகைய சாக்கெட்டை மடிக்கணினிகளில் இன்று தேடினால் கிடைக்காது. 2013-இல் வந்த நான்காம் தலைமுறையோடு இன்டெல் அதைக் கைவிட்டது. ஐந்தாம் தலைமுறை முதற்கொண்டு மடிக்கணினிக்கென்றே செய்யப்படும் அதன் பிராசஸர்கள் யாவும் மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டே வருகின்றன. டி430-இன் தம்பியான எக்ஸ்230-இலேயே, அதே ஐ5-3320எம் பற்றவைத்த வடிவில்தான் இருக்கிறது. கனம் குறைந்த, மெல்லிய யந்திரம் வேண்டுமென்று நாம் கேட்டோம்; கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சில மில்லிமீட்டருக்கு ஈடாக, உடையவன் தன் பொருளைத் திறந்து, ஓர் உறுப்பை மாற்றி, அதன் ஆயுளை நீட்டிக்கும் உரிமையையே விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்பதை எண்ணும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மாற்ற இடமிருந்த காலத்திலும் நாம் அந்த வசதியைப் பேணினோமா என்றால் அதுவும் இல்லை. தூசியைத் துடைக்காத வீட்டுக்காரர் கிடையாது. ஆனால் மடிக்கணினியின் விசிறிக்குள் கம்பளிபோல் படிந்து கிடக்கும் தூசியை, வாங்கிய நாள்முதல் ஒருமுறையேனும் எடுத்தவர்கள் அபூர்வம். பிராசஸருக்கும் செப்புக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட் வருஷங்கள் செல்லச் செல்லக் காய்ந்து வெடித்துவிடுகிறது. உஷ்ணம் வெளியேற வழியின்றி 100 பாகையை நெருங்கும்போது, பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. உடையவரோ, யந்திரத்துக்கு வயதாகிவிட்டது என்று தீர்மானித்துவிடுகிறார். போதாக்குறைக்கு, அதை மெத்தையின்மேல் வைத்து, அடியிலுள்ள காற்றுத் துளைகளையும் அடைத்துவிடுகிறோம். இந்த நிலையில் ஐ7-ஐப் போட்டால் அதுவும் அதே உஷ்ணத்தில் அதே விதமாகத்தான் தளரும்.

ஆசிரியர் முதலில் ஓர் எஸ்.எஸ்.டி.யைப் போட்டு, ரேமை 8 ஜிபியாவது ஆக்கிக்கொள்ளட்டும். அவருடைய யந்திரம் 16 வரை ஏற்கும். பிறகு விசிறியைச் சுத்தம் செய்து, பழைய பேஸ்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணியளவு வைக்கச் சொல்லட்டும். அதன்பின்பும் வீடியோப் பாடங்கள் தயாரிக்கும் உத்தேசம் இருந்தால் ஐ7-ஐப் பற்றி யோசிக்கலாம். அப்போதும், 3632கியூஎம் என்ற அதே பெயரில் ஊசியுள்ளதும் பற்றவைப்பதற்கான ஈயக்குண்டுகள் உள்ளதுமாக இருவகை உண்டாகையால், பணம் கொடுப்பதற்கு முன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது அவசியம். ஓர் ஊசி வளைந்திருந்தாலும் வேண்டாமென்று சொல்லிவிடவேண்டும். விண்டோஸ் 11-க்காக மாற்றுவதாயிருந்தால் அந்த எண்ணத்தையே விட்டுவிடலாம். மைக்ரோசாஃப்ட் அதற்கு எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸரையாவது கேட்கிறது. இந்தச் சாக்கெட்டில் பொருந்தும் ஐ7 எதுவும் மூன்றாம் தலைமுறையைத் தாண்டியதல்ல. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபரில் நின்றுவிட்டபடியால், அவர் லினக்ஸுக்கு மாறிக்கொள்வதே உசிதம். அதற்கு இப்போதுள்ள ஐ5 தாராளமாகப் போதும்.